மூன்றாம் தொட்டி

மஞ்சூருக்குக் கீழே ஓடை திரும்புகிற இடத்தில்
நாலு தொட்டிகள்.
மூன்றாவதில் மட்டும் தண்ணீரைச் சும்மா விடுவதில்லை.
ஒரு மோட்டார் அதை இரவும் பகலும் சுற்றிவிடுகிறது.
விரல் நீள டிரவுட் மீன்கள்
மூக்கை எதிர்ப்பக்கம் வைத்து நீந்துகின்றன,
நீந்திக்கொண்டே இருக்கின்றன,
எங்கேயும் போகவில்லை.

"நொடிக்கு ஒரு உடம்பு நீளம், ஆலண்ணா.
அதுக்கு மேல வேண்டாம்" என்றாள் தில்ஷாத்,
வேகத்தைத் திருகி வைத்தபடி.
குன்னூர்ப் பெண், மீனைப் பற்றித்தான் படிப்பு.
மீட்டர் இல்லை, அடி இல்லை,
அந்தந்த மீனுக்கு அதனதன் உடம்பே அளவுகோல்.
எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனாலும் முதல் வாரம் பாவமாக இருந்தது.
ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்தால்
பக்கத்துத் தொட்டியில் இதுகளின் கூடப்பிறந்தவை
நனைந்த இலைகளாய் அடியில் கிடக்கும்.
இங்கே ஒன்றுக்கும் ஓய்வில்லை.
ஒருநாள் பத்து நிமிடம் மோட்டாரை நிறுத்தினேன்,
தில்ஷாத்திடம் சொல்லவில்லை.
நிற்கத் தெரியாமல்
ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டன.
மறுபடி போட்டேன்.

ஆடி பிறந்தது.
மேலே எஸ்டேட்டில் தேயிலைக்குக் கொப்புள நோய்,
வாரம் ஒரு மருந்தடிப்பு.
பையில் வேறு ஏதோ பெயர் போட்டிருக்கும்,
எங்களுக்கு அது மயில்துத்தம்தான்.
சொல்லிப் பார்த்தால் ஒரு மயில்
சரிவில் இறங்கி வருவதுபோல் இருக்கும்.
பதினோரு வருஷம் முதுகில் ஸ்பிரேயர் சுமந்தவன் நான்.
அந்த நிறத்தை எனக்குத் தெரியும்,
நகக்கண்ணில்,
கழுத்து மடிப்பில்,
துணி ஊறிய வாளியின் விளிம்பில்.
மழை பிடித்தால் அதுவும் கூட இறங்கும்.
இரண்டு வளைவு, ஒரு மதகு,
அப்புறம் நாங்கள்.

அன்றைக்குக் கரண்ட் இருந்தது, சிக்னல் இல்லை.
வாய்க்கால் கலங்கி வந்தது.
தில்ஷாத் முன்பே சொல்லியிருந்தாள்:
"பயிற்சி எல்லாம் நல்ல தண்ணியில.
கெட்ட தண்ணி வந்தா வேகத்தைக் குறைச்சிடுங்க.
மூச்சு கூடினா அதுவும் கூட உள்ள போகும்."
குறைப்பது என்றால் எவ்வளவு?
அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
திருகைப் பாதிக்குக் கொண்டுவந்தேன்,
இன்னும் கொஞ்சம்,
பிறகு கையை எடுத்துவிட்டு
என் மூச்சையே எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.
அதில் எப்போதும் ஒரு விசில் உண்டு.

விடிந்ததும் வலை போட்டு அள்ளினோம்.
முதல் தொட்டியில் முப்பத்தொன்று, இரண்டில் இருபத்தாறு,
நாலில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.
மூன்றில் ஒன்பது.
நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை.
"இது ஒரே ஒரு மழை, அண்ணா.
இன்னும் மூணு மழையாவது பார்க்கணும்."
பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே:
"விஷம் இதுகளுக்குள்ளயும் வருது.
ஆனா ரத்தம் நல்லா ஓடிப் பழகியிருக்கு,
வந்தது சீக்கிரம் வெளியே போயிடுது."

ஊட்டி ஆஸ்பத்திரி டாக்டரும்
மாத்திரைச் சீட்டின் கீழே அதையேதான் எழுதினார்,
ஒரே வார்த்தை: நடக்கவும்.
இப்போதெல்லாம் காலைப் பஸ்ஸைப் போக விடுகிறேன்.
மஞ்சூர் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நிற்கிறேன்,
போன மாதம் ஐந்து.
கண்டக்டர் ஜன்னல் வழியே கையாட்டிக் கேலி செய்கிறான்.
என் உடம்பு நீளத்துக்கு நான் போகிறேன்.

செய்தி மேலே போயிருக்கிறது.
சூப்பர்வைசர் வர்கீஸ் குடை பிடித்து இறங்கி வந்தார்,
மூன்றாம் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்,
முகம் தெளிந்தது.
"அப்ப மருந்தடிச்சா மீனுக்கு ஒண்ணும் ஆகாது,
அப்படித்தானே?"

ஐஸ் போட்ட பக்கெட்டை
அவர் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.
எண்ணிப் பாருங்கள் என்றேன்.
அவர் ஏதோ சொன்னார்.
மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.